கள்ளி வளர்ப்பில் அவசரம் ஆகாது

சென்னை கே.கே. நகரில் மொட்டை மாடித் தோட்டம் இல்லாத தெரு இல்லை என்றே சொல்லலாம். வீட்டு வசதி வாரியம் 1970களில் மனை பிரித்து அமைத்த பகுதி இது. அன்று கட்டப்பட்ட தாழ்வான குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அடுக்கு மாடிக் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. தரையில் செடி வைக்க இடம் குறைந்துவிட்டதால், தொட்டிகள் மாடிக்கு ஏறிவிட்டன. கீரை, தக்காளி, கத்தரி, ரோஜா ஆகியவற்றோடு பாலைவனக் கள்ளிகளும் இப்போது அங்கே இடம் பிடித்துள்ளன.

கீரை விதைத்த நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். கத்தரி இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கள்ளி அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஆசையோடு வாங்கி வந்த கள்ளி, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அடியில் அழுகிச் சாய்ந்துவிடுவது சென்னையில் சர்வ சாதாரணம். உடனே, "இந்த ஊருக்குக் கள்ளி சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியல்ல. ஊரின் குறை கொஞ்சம் உண்டு. பெரும் குறை அவசரத்தில் இருக்கிறது. சீக்கிரம் வளர வேண்டும் என்று தண்ணீரும் உரமும் கொட்டுவது வாங்கியவரின் அவசரம். சீக்கிரம் விற்க வேண்டும் என்று ஒட்டுக் கட்டி வண்ணம் காட்டுவது விற்பவரின் அவசரம். இரண்டுக்கும் நடுவில் செடி மடிகிறது, காசும் வீணாகிறது.

மெல்ல வளரும் செடியை அதன் போக்கில் வளரவிடப் பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்காமலிருப்பதே நலம். பொறுமை உள்ளவர்கள், விதையில் முளைத்துத் தன் வேரில் நிற்கும் செடியைக் கேட்டு வாங்க வேண்டும். நாற்றுப் பண்ணைக்காரர்களும் செடியின் உண்மையான விவரத்தை எழுதி வைத்து விற்க வேண்டும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

எது கள்ளி?

தமிழில் கள்ளி என்று சொன்னால் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒடித்தால் பால் வடியும் இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலைவனக் கள்ளிகள், அதாவது காக்டஸ் என்று கடைகளில் சொல்லப்படுபவை, வேறு குடும்பம். பஞ்சு போன்ற சிறு மெத்தைகளிலிருந்து கொத்தாக முள் கிளம்புவது இவற்றின் அடையாளம். அமெரிக்கக் கண்டங்களே இவற்றின் பூர்வீகம். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்களின் மேல் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஓர் இனம் மட்டுமே இதற்கு விலக்கு. கிராமத்து வேலிகளில் நின்ற சப்பாத்திக்கள்ளியும் கடல் கடந்து வந்ததுதான்.

மாடித் தோட்டக்காரர்கள் அதிகம் விரும்புவது, கோல்டன் பேரல் எனப்படும் பந்துக் கள்ளி. பொன்னிற முட்களோடு உருண்டையாக இருக்கும் இதன் சொந்த ஊர் மெக்சிகோ. நல்ல பராமரிப்பில் வைத்தாலும், விதையிலிருந்து வந்த செடி ஒரு சாண் அகலம் வருவதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். பூப்பதற்கு மேலும் அவ்வளவு காலம் காத்திருக்க நேரலாம். இதுவே பரவாயில்லை என்று சொல்லும்படி இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சாகுவாரோ கள்ளி. முளைத்து எட்டு ஆண்டு ஆன பிறகும் அது ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. பக்கக் கிளை விட ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். அதற்கு ஈடாக, 150 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு நிற்கும்.

ஏன் இத்தனை மந்தம்?

கள்ளி சோம்பேறிச் செடியல்ல. தண்ணீர்ச் சிக்கனமே அதன் மந்தத்துக்குக் காரணம். மற்றச் செடிகள் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அப்போது உடம்பிலுள்ள நீரும் ஆவியாகிப் போகும். கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. மறுநாள் வெயிலில் அந்தச் சேமிப்பைக் கொண்டு மாவுப் பொருள் தயாரிக்கிறது. இரவில் சேர்த்த அளவுக்குத்தான் பகலில் சமையல். ஆகவே, எவ்வளவு உரம் போட்டாலும் இதன் வேகம் ஓர் எல்லைக்கு மேல் கூடாது.

இரவு குளிர்ச்சியாக இருந்தால் இந்த வேலை செவ்வனே நடக்கும். பாலைவனத்தில் பகல் கொதித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவிலும் புழுக்கம் தீராது. அந்த நாட்களில் கள்ளி ஏறக்குறைய தூங்கிவிடுகிறது. வெயில் காய்கிறதே, பாவம் என்று அப்போது தினம் தண்ணீர் ஊற்றுவது, தூங்குகிறவன் வாயில் சோற்றை ஊட்டுவதற்குச் சமம்.

மழைக் கணக்கையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டிவிடுகிறது. சாகுவாரோ நிற்கும் டூசான் நகர்ப் பகுதியில் ஆண்டு முழுவதற்குமே சுமார் 300 மி.மீ.தான். 2015ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் அந்த ஒரு மாதத்திலேயே 1,000 மி.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையைத் திறந்த மாடியில் வாங்கும் கள்ளி பிழைத்தால்தான் அதிசயம்.

மாடியில் வளர்க்கும் முறை

மேற்சொன்னவற்றைப் புரிந்துகொண்டால் வளர்ப்பு முறை கடினமல்ல. முதலில் தொட்டி. மெருகு பூசாத மண் தொட்டியே நல்லது. அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறும். செடியின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு வழி செய்யும். அடித்துளையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெயிலில் தளம் நெருப்பாகக் காயும். மழையில் நீர் தேங்கும். ஆகையால் தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேலோ இரும்பு நிலையின் மேலோ வைக்க வேண்டும்.

மண் கலவைக்குக் கரடான மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அரைப் பங்கு சேர்க்கலாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம் சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள தூளைப் பலமுறை நீர்விட்டுக் கழுவிப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டு போல் இறுகும். கடல் மணல் உப்பு மணல்; அதைத் தொடவே கூடாது. மாடித் தோட்டத்துக்கென்று விற்கும் தென்னை நார்க்கழிவு கீரைக்கு நல்லது, கள்ளிக்கு எமன். பச்சைச் சாணமும் ஆகாது.

தொட்டி மாற்றுவதற்குத் தை, மாசி மாதங்கள் உகந்தவை. செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. புதுத் தொட்டியில் வைத்த பிறகு ஒரு வாரம் நீர் விடலாகாது. அறுபட்ட வேர்கள் காய்ந்து ஆற வேண்டும். நாற்றுப் பண்ணையில் நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் தோல் வெந்து, ஆறாத தழும்பு விழும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கோடையின் உச்சி வேளைக்கு நிழல்வலை கட்டலாம். வரவேற்பறை மேசையில் அழகுக்காக வைத்தால் செடி வெளிறி, கூம்பாக நீண்டுவிடும். பிறகு வெயிலில் வைத்தாலும் பழைய உருண்டை வடிவம் திரும்பாது.

நீர் பாய்ச்சுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மாசி முதல் பங்குனி வரையும், ஆனி முதல் ஆடி வரையும், மண் அடிவரை காய்ந்த பிறகு ஒருமுறை நன்றாக நீர் விட வேண்டும். இது பெரும்பாலும் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி எடுத்தால் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மாலையில், செடியின் தலையில் படாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி என்று கணக்கு வைப்பது தவறு. சித்திரை, வைகாசியில் இடைவெளியைக் கூட்டி, செடி சுருங்கும்போது மட்டும் விடலாம். ஆவணியில் மாலை இடி மழை தொடங்கியதும் கூரையின் கீழ் கொண்டுபோய்விட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை நீரே வேண்டாம். காற்றிலுள்ள ஈரமே போதும்.

கூரை என்பது பெரிய செலவல்ல. ஒளி புகும் தகடு ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்டால் போதும். மழை படக் கூடாது; காற்று தடைபடக் கூடாது. பாலிதீன் தாளால் மூடிக் கட்டுவது, நனைய விடுவதைவிடக் கெடுதல்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பாக இருக்கிறது. அதை ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், வேர் கருகும். மழைநீரைப் பிடித்து வைத்துக் கொடுப்பது சிறந்தது. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயிலிருந்து ஒரு பீப்பாய் நிரப்பி மூடி வைத்தால், இருபது தொட்டிக் கள்ளிக்கு அது மாதக் கணக்கில் வரும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், மாதம் மூன்று முறை மட்டும் நீர் கேட்கும் செடி ஓர் அருமையான செடி. அந்த அருமையைக் கெடுப்பது கூடுதல் தண்ணீர் என்பது வேடிக்கைதான்.

உரம் ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில், தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி எலும்புத் தூள் போதும். யூரியா போட்டால் செடி ஊதிப் பருத்து வெடிக்கும். மாவுப்பூச்சி முள்ளின் அடியிலும் வேரிலும் ஒளிந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் போய்விடும். அதிகம் பரவினால், லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். அடி அழுகல் கண்டால் தயங்காமல் சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, கந்தகத் தூள் தடவி, இரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணலில் உட்கார்த்தி வைக்க வேண்டும். சில பிழைக்கும்.

விதையில் வளர்க்க விரும்புவோர் மாசியில் விதைக்கலாம். சலித்த மணற்கலவையில் தூவி, கண்ணாடி மூடி, நிழலில் வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். முதல் ஆண்டு முடிவில் பட்டாணி அளவு வந்தால் அது நல்ல வளர்ச்சி. இதைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறவர்களுக்குத்தான் ஒட்டுக் கள்ளி விற்கப்படுகிறது.

ஒட்டுக் கள்ளியும் ஒட்டிய பூவும்

பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை வைத்த கள்ளியைக் கடைகளில் காணலாம். அந்த வண்ண உருண்டையில் பச்சையம் கிடையாது. தானாக உணவு தயாரிக்க அதனால் முடியாது. 1940களில் ஜப்பானில் நாற்றுகளிடையே தோன்றிய இந்த விசித்திரத்தை, வேறு கள்ளியின் தண்டில் ஒட்டி உயிர் காத்தார்கள். இன்று அடித்தண்டாகப் பயன்படுவது, தமிழ்நாட்டில் பழத்துக்காகச் சாகுபடியாகும் டிராகன் பழக் கள்ளிதான். தண்டு வேகமாக வளரும் இனம். உச்சி மந்தமான இனம். இந்தப் பொருத்தம் சில ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. தண்டு அழுகினால் தலையும் போயிற்று.

ஒட்டுக் கட்டுவது மோசடி என்று சொல்வதற்கில்லை. அரிய நாற்றைக் காப்பாற்றவும், சீக்கிரம் விதை எடுக்கவும் அது நல்ல உத்தி. பண்ணைக்காரருக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு சாண் செடிக்காகப் பத்தாண்டு முதல் போட்டுக் காத்திருக்க எல்லோராலும் முடியாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பதுதான் குறை. நூறு ரூபாய் கொடுத்தவர் நூறு ஆண்டுச் செடி என்று நம்பி வாங்கிச் செல்கிறார். இதைவிட மோசம், காகிதப் பூவைப் பசையால் செடியின் உச்சியில் ஒட்டி விற்பது. வளரும் குருத்தையே அது மூடிவிடுகிறது. இவற்றையெல்லாம் வாங்க ஆள் இருக்கும்வரை விற்க ஆள் இருப்பார்கள்.

பாலைவனத்தில் நடக்கும் கொள்ளை

அவசரத்துக்கு இன்னொரு கொடிய முகம் உண்டு. விதை போட்டுக் காத்திருக்க மனமில்லாத வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காக, வயதான கள்ளிகளைப் பாலைவனத்திலிருந்தே தோண்டி எடுத்துக் கடத்துகிறார்கள். 2020இல் இத்தாலியில் போலீசார் நடத்திய சோதனையில், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்திலிருந்து திருடப்பட்ட நூற்றுக்கணக்கான கள்ளிகள் பிடிபட்டன. அடுத்த ஆண்டு அவற்றில் பெரும்பாலானவை சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன. அநேகமாக எல்லாக் கள்ளி இனங்களுமே 1975 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு.

உலகமெங்கும் தொட்டிகளில் கொழிக்கும் பந்துக் கள்ளிகூடத் தன் சொந்த மண்ணில் அருகிவிட்டது. மெக்சிகோவில் 1990களில் கட்டப்பட்ட சிமாப்பான் அணையின் நீரில் அது வளர்ந்த சரிவுகளில் பல மூழ்கின. கே.கே. நகர் மாடியில் விதையிலிருந்து வளரும் ஒரு பந்துக் கள்ளி, பாலைவனத்தில் ஒரு செடியைத் தோண்டும் தேவையைக் குறைக்கிறது. வயதான செடி மலிவாகக் கிடைக்கிறதென்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதே முறை.

சைதாப்பேட்டை சொல்லும் பாடம்

இந்த ஊருக்குக் கள்ளி புதியதல்ல. கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சைதாப்பேட்டையில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டமே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை அமைத்தார். கள்ளியை உண்டு வாழும் காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது நோக்கம். அந்தச் சாயத்தில் ஸ்பெயின் நாட்டார் கொழித்த லாபத்தில் பங்கு பெறக் கம்பெனி அவசரப்பட்டது. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். அது உயர்ந்த ரகமல்ல, காட்டு ரகம். சாயத் தொழில் எதிர்பார்த்தபடி வளரவில்லை.

பூச்சி ஏமாற்றினாலும் கள்ளி ஏமாற்றவில்லை. வேலிக்கென்றும் சாயத்துக்கென்றும் பல காலம் பல கைகளால் நடப்பட்ட சப்பாத்திக்கள்ளி இனங்கள், தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களிலும் புன்செய்களிலும் பரவி, உழவர்களுக்குப் பெரும் தொல்லையாயின. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு காச்சினீல் பூச்சியை 1926இல் இலங்கையிலிருந்து தருவித்து விட்ட பிறகே, சில ஆண்டுகளில் நாகதாளிப் புதர்கள் அடங்கின. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த வெற்றிகளில் இதுவும் ஒன்றாகப் பாடப் புத்தகங்களில் சொல்லப்படுகிறது.

பந்துக் கள்ளி அப்படிப் பரவாது. அதன் மந்தமே காவல். சப்பாத்தி இனங்கள் வேறு ரகம். ஒரு துண்டு விழுந்தாலும் வேர் பிடிக்கும். ஆகவே, கழித்த துண்டுகளைக் காலி மனையிலோ அடையாற்றங்கரையிலோ வீசாமல், நன்றாகக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியது

அரியானாவின் பஞ்ச்குலாவில் 1987 முதல் ஒரு பெரிய கள்ளித் தோட்டம் பொதுமக்களுக்காக நடந்து வருகிறது. சென்னையிலும் தோட்டக்கலைத் துறையின் பூங்காக்களில், மழைபடாத ஒரு கூரையின் கீழ், விதையிலிருந்து வளர்ந்த கள்ளிகளை முளைத்த ஆண்டு எழுதி வரிசையாக வைக்கலாம். ஓராண்டுச் செடி இவ்வளவு, பத்தாண்டுச் செடி இவ்வளவு என்று கண்ணால் பார்த்தவர், பிறகு யூரியாவைத் தேடிப் போக மாட்டார். நாற்றுப் பண்ணைகள் ஒவ்வொரு தொட்டியிலும் இனத்தின் பெயர், சொந்த வேரா ஒட்டா, எத்தனை ஆண்டுச் செடி என்ற மூன்று விவரங்களை எழுதி வைக்க வேண்டும். பத்தாண்டு உழைப்புக்குக் கூடுதல் விலை கேட்கும் உரிமை பண்ணைக்காரருக்கு அப்போது தானாக வரும். வாங்குவோரும் பேரம் பேசாமல் கொடுக்க முன்வர வேண்டும்.

இடம் சிறிது, தண்ணீர் குறைவு, வேலை கொஞ்சம் என்று இருக்கும் நகரத்துக் குடும்பத்துக்குப் பொருத்தமான செடி கள்ளி. பள்ளியில் சேரும் ஆண்டில் ஒரு குழந்தையின் பெயரில் பந்துக் கள்ளி விதை ஒன்று போட்டால், அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போது செடி ஒரு சாண் அகலம் இருக்கும். இடையில் அது கேட்பதெல்லாம் நல்ல வெயில், காய்ந்த மண், அடைமழைக்கு ஒரு கூரை ஆகிய மூன்றே. இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு, மற்றதைச் செடியிடமே விட்டுவிட வேண்டும்.